பொரிக்காத மீனும் ருசிக்கும்

கிளிநொச்சியில் கடல் மீனும் கிடைக்கும், குளத்து மீனும் கிடைக்கும். பூநகரி, நாச்சிக்குடாப் பக்கமிருந்து ஒட்டி, விளைமீன், பாரை, சூடை வரும். இரணைமடுக் குளத்திலிருந்து திலாப்பியா, விரால் வரும். ஆனாலும் "எண்ணெயையும் உப்பையும் குறையுங்கோ" என்று டொக்டர் சொன்னதும், பல வீடுகளில் மீன் சாப்பாட்டின் மேலுள்ள ஆசையே போய்விடுகிறது. ஒரு நாள் பொரிக்காமல் சமைத்துப் பார்ப்பார்கள். "சப்பெண்டு கிடக்கு", "வெடுக்கு மணக்குது", "மீன் கரைஞ்சு போச்சு", "பிள்ளையள் தொடேல்லை" என்று பேச்சு எழும். அடுத்த முறை தாச்சியில் பழையபடி எண்ணெய் கொதிக்கும்.

இந்த நான்கும் நியாயமான குறைகள்தான். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, திருத்தும் வழியும் உண்டு. அந்த வழி எங்கள் மீன் சொதியிலும், பிள்ளை பெற்ற தாய்க்கு வைக்கும் பத்தியக்கறியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

ஏன் பொரியலைக் குறைக்க வேண்டும்?

மீனில் நல்ல புரதம் இருக்கிறது. சூடை, கும்பளா போன்ற கொழுப்பு மீன்களில் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பும் நிறைய உண்டு. வாரத்தில் இரண்டு முறை மீன் சாப்பிடும்படி அமெரிக்க இதயச் சங்கம் சொல்கிறது. தேங்காயெண்ணெயிலோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. மீனை அதில் மூழ்கப் பொரித்தால், குறைக்கச் சொன்ன கொழுப்பே திரும்பவும் கோப்பைக்கு வந்துவிடும்.

"சப்பெண்டு கிடக்கு"

உள்ளி, மிளகு, சின்னச்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் வாசனை எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். அதற்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். அதையும் விட்டுவிட்டால் கறி சப்பென்றுதான் இருக்கும். புளிப்புச் சேர்ந்தால் குறைந்த உப்பும் நாக்குக்குப் போதும். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால் சில வாரங்களில் நாக்குப் பழகிவிடும்.

"வெடுக்கு மணக்குது"

கடல் மீன் செத்தபின் அதன் தசையில் திரைமெதிலமைன் என்ற பொருள் உண்டாகும். வெடுக்கு அதிலிருந்து வருவது. தேசிக்காயோ பழப்புளியோ பட்டால் அது காற்றில் எழாமல் அடங்கிவிடும். குளத்து மீனின் சேற்று மணம் வேறு. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அதற்குக் காரணம். திலாப்பியாவின் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வை உரித்து, புளித்தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவினால் அந்த மணமும் குறையும்.

"மீன் கரைஞ்சு போச்சு"

மீன் தசையை இணைக்கும் நார் மெல்லியது, சூட்டில் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் சொதி கொதித்த பிறகே மீனைப் போட வேண்டும். அகப்பை போட்டுக் கிண்டாமல், சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் போதும்.

"பிள்ளையள் தொடேல்லை"

பெரும்பாலும் முள்ளுக்குப் பயந்துதான் பிள்ளைகள் ஒதுங்குவார்கள். பாரை, விளைமீன் போன்றவற்றின் சதையை முள் நீக்கி உதிர்த்து, வெங்காயமும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சேர்த்து வறையாக்கிக் கொடுக்கலாம். பொரியல்தான் வேண்டுமென்றால், தூள் பூசிய மீனைத் தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு வாட்டி எடுக்கலாம்.

நான்கு பேருக்கு மீன் சொதி

அரைக் கிலோ ஒட்டி அல்லது விளைமீனைத் துப்புரவாக்கிக் கழுவுங்கள். சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஐந்து பல் உள்ளி, சின்ன வெங்காயம், மூன்று பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். இரண்டு கப் இரண்டாம் பால், மஞ்சள், முக்கால் தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பிறகு மீனைப் போட்டு, இளஞ்சூட்டில் ஏழெட்டு நிமிடம் வேக விடுங்கள். சதை வெள்ளையாகி முள்ளிலிருந்து கழன்றால் வெந்துவிட்டது. மிளகு, சின்னச்சீரகத் தூளும் கால் கப் முதற்பாலும் விட்டு, கொதி வருமுன் இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகே விடுங்கள்; கொதியில் விட்டால் பால் திரைந்துவிடும். குரக்கன் புட்டோ இடியப்பமோ அளவாக எடுத்து, முருங்கையிலை வறையும் சேர்த்தால் நிறைவான இராச்சாப்பாடு.

வாங்கும்போது கவனம்

சூரை, கும்பளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேரும். எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடி வரும். கண் தெளிவாக, பூ சிவப்பாக, அமர்த்தினால் குழி விழாத மீனாகப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் குளிரில் வையுங்கள்.

வெள்ளிக்கிழமை மரக்கறி என்று ஒதுக்கும் வீடுகளிலும் மற்ற நாட்கள் மிச்சமிருக்கின்றன. அவற்றில் இரண்டு இரவுகளில் சொதி வைத்துப் பாருங்கள். வீட்டில் யார் என்ன குறை சொன்னாலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சட்டியில் எதைத் திருத்துவது என்று அதிலேயே தெரிந்துவிடும்.