எகிப்தியர் கல்லறைகளில் விலங்குருவங்கள்

பண்டை எகிப்தியர் கல்லறைச் சுவர்களிலும் ஈமப்பொருள்களிலும் அமைத்த விலங்கு, பறவை உருவங்கள் வெறும் அழகுபற்றியன அல்ல. இறந்தோன் செல்லும் வழியில் அவை ஒவ்வொன்றற்கும் ஒரு தொழில் உண்டு.

பாலைநிலத்து இடுகாடுகளில் திரிந்து புதைகுழிகளைத் தோண்டுவது நரி. அந்நரியுருவிலேயே அனூபிசு என்னுந் தெய்வத்தைக் கண்டு, அத்தெய்வத்தையே பிணத்துக்குக் காவலாக்கினர். 1922 இல் வெளிப்பட்ட துட்டன்காமன் கல்லறையிலும், கருவூல அறையின் வாயிலை நோக்கி அவ்வுருவே படுத்திருந்தது. மனிதத் தலையுடைய பறவை ‘பா’ எனப்படும். அது கல்லறையினின்றும் வெளியே உலாவி, மீண்டும் உடலை வந்து கூடும். உடலை அழியாது காத்தற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

இனி, ஈமச் சுவடிகளிற் காணப்படும் நடுத்தீர்ப்புக் காட்சியில், இறந்தோன் நெஞ்சம் துலாக்கோலின் ஒரு தட்டிலும், வாய்மையைக் குறிக்கும் இறகு மற்றொரு தட்டிலும் வைத்து நிறுக்கப்படும். முதலைத் தலையும், அரிமாவின் முன்னுடலும், நீர்யானையின் பின்னுடலும் உடைய அம்மித்து அருகே காத்திருக்கும். குற்றமுடைய நெஞ்சம் அதற்கு உணவாம்.

இவற்றுள் ஆழ்ந்து நோக்கற்பாலது வண்டின் உருவமே. சாணவுருண்டையை உருட்டிச் செல்லும் வண்டினை ஞாயிற்றின் இயக்கத்துக்கும் மறுபிறப்புக்கும் குறியாகக் கொண்டனர். அவ்வடிவிற் செய்த கல்லைப் பிணத்தின் மார்பில் வைத்தனர். அதிற் பொறித்த மொழியோ தெய்வத்தை நோக்கியதன்று. தன் நெஞ்சம் தனக்கு மாறாகச் சான்று கூறாதிருக்க வேண்டுமென அந்நெஞ்சையே இரப்பதாகும். செய்தனவெல்லாம் அறிந்த சான்று தன்னுள்ளேயே உள்ளது என்னும் உணர்வும், அதன் வாயடைக்க விழையும் அச்சமும் அச்சிறு கல்லில் ஒருங்கே நிற்றல் காண்க.