உப்புக்காற்றில் இறுகிய ஹேண்ட் பிரேக்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சுமார் 45 கிலோமீட்டர். வழியில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மேடு கிடையாது. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் லாரி நிற்கும். ஹேண்ட் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையில்லாத இரும்பைக் கடற்காற்று சும்மா விடுமா?

1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் பெயர் மாறிய அசோக் லேலண்டு, 1954-ல் டெய்ம்லர்-பென்ஸுடன் கைகோத்த டாடா... அந்தக் காலத்து லாரியைப் புதுப்பிப்பவர்கள் இன்ஜினையும் பெயின்ட்டையும் பார்ப்பார்கள். இறுகிக் கிடக்கும் இந்தக் கைப்பிடி கடைசியில்தான் ஞாபகம் வரும்.

பிரிக்கும் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிறகு பிரேக் கம்பியைத் தளர்த்துங்கள். துருப்பிடித்த பின்னை உடனே சுத்தியலால் அடிக்க வேண்டாம். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் செல்போனில் ஒரு போட்டோ. உள்ளே என்ன பெரிய ரகசியம்? ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங், பல்சட்டத்தைக் கவ்வும் ஒரு சின்ன நாக்கு. ஸ்பிரிங் துள்ளிப் பறக்கும். துணி போட்டு மூடிக் கழற்றுங்கள்.

மண்ணெண்ணெயில் கழுவியதும் நாக்கின் முனையைப் பாருங்கள். மழுங்கியிருந்தால், நிற்பதுபோல் நின்று லேசான அதிர்வில் நழுவிவிடும். 'வெல்டு வைத்துத் தேய்த்தால் போச்சு' என்பார்கள். ஆனால் அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். லேத் பட்டறையில் புது நாக்கு செய்து பதம் ஏற்றுவதே மேல்.

மாட்டியபின் சரிவில் நிறுத்திச் சோதியுங்கள். அப்போதும் கட்டை சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.