தயிர்சாதம் பூனைக்குப் போதாது

திருப்பதியின் அலிபிரி அடிவாரத்தில், எங்கள் தெருவில் முட்டைகூட நுழையாத வீடுகள் பல. அங்கேயும் பூனைகள் வளர்கின்றன, தயிர்சாதமும் பால்சோறும் தின்று. அவற்றைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும். தேவையான அளவை அதன் உடம்பு தானே தயாரிக்காது. இறைச்சி, மீன் வழியாகத்தான் வரவேண்டும். செடிகொடிகளில் அது கிட்டத்தட்ட இல்லை. குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-இல் தெரிந்தது. 1987-இல் கலிஃபோர்னியாவில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர், இதயம் விரிந்து பலவீனமான பூனைகளிடம் அதே குறையைக் கண்டார். அவை தின்றது கடைத் தீவனம்தான்! அதன் பிறகே நிறுவனங்கள் டாரினைக் கூட்டின.

எங்கள் வீடும் சைவம்தான். எங்கள் பூனை சுந்தரியின் தட்டு மட்டும் பின்கட்டில் தனியாக இருக்கிறது. பாக்கெட் தீவனம் போடுகிறேன். வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் படியுங்கள். பட்டியலில் முதலில் கோழியோ மீனோ வரவேண்டும், டாரின் இருக்கவேண்டும், தீவனம் நொறுக்குத்தீனியாக இல்லாமல் முழு உணவாக இருக்கவேண்டும். ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவீதம் புரதம், குட்டிக்கு 30 என்பது அமெரிக்க அளவுகோல்.

மீன் வேகவைப்பவர்கள் உப்பு போடாமல், வேகவைத்த தண்ணீரையும் சேர்த்தே வையுங்கள். டாரின் அதில் கரைந்துவிடும். வேகவைத்த மீன் மட்டுமே முழு உணவாகாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. திருப்பதியிலேயே கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது; சந்தேகமிருந்தால் பூனையைத் தூக்கிக்கொண்டு போய்க் கேளுங்கள்.