பெல்ட் கிரைண்டரும் ஒரு சாணை ஜிக்கும்

கத்தியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் சாணை பிடிப்பதில் பாதி வேலை. சைதாப்பேட்டை தெருக்களில் சைக்கிளில் கல் மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு அந்தக் கோணம் மணிக்கட்டிலேயே இருக்கிறது. அது வாய்க்காத என்னைப் போன்றவர்களுக்குத்தான் ஜிக்.

சாணை ஜிக்குகளில் பேர்போனவை ஸ்வீடனின் டோர்மெக் செய்பவை. 1973இல் தொடங்கிய நிறுவனம். தண்ணீரில் மெதுவாகச் சுற்றும் கல், அதன் முன்னால் 12 மி.மீ. கம்பி ஒன்று. கத்தியைக் கவ்விய ஜிக்கின் தண்டு அந்தக் கம்பியில் சாய்ந்து நிற்கும். கவனித்தால், ஜிக்குக்குத் தேவை அந்தக் கம்பி மட்டும்தான், கல் இல்லை. கம்பியைப் பெல்ட் கிரைண்டரில் நிறுத்திவிட்டால் அதே ஜிக் அங்கேயும் வேலை செய்யும்.

எங்கே நிறுத்துவது? பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டையான பிளேட் மேல் வைத்துத் தீட்டுவதால் கணக்கு பள்ளிக்கூட சைன்தான். கத்தி முனையிலிருந்து கம்பி படும் இடம் வரை 140 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 15 டிகிரி வேண்டுமென்றால் 140 × 0.259, அதாவது சுமார் 36 மி.மீ. பெல்ட்டிலிருந்து அவ்வளவு தள்ளி நிற்கவேண்டும். 20 டிகிரிக்கு 48. இந்த அளவை ஜிக் தண்டின் நடுக்கோட்டிலிருந்து எடுக்கணும், கம்பியிலிருந்து இல்லை. தண்டு கம்பிக்கு வெளிப்பக்கமாகச் சாய்வதால் இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். கல் தேயத் தேய விட்டம் குறைந்து கோணம் மாறும். பெல்ட்டில் அந்தத் தொல்லை கிடையாது, ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். சந்தேகமிருந்தால் கூர்முனையில் மார்க்கர் பூசி, மோட்டாரை அணைத்துவிட்டுப் பெல்ட்டைக் கையால் நகர்த்திப் பாருங்கள். எங்கே மை அழிகிறதோ அங்கேதான் தீட்டுகிறது.

பெல்ட் பெரும்பாலும் கீழ்நோக்கி ஓடும். அதனால் கம்பி மேலே, கத்தியின் கூர் கீழே. பெல்ட் முதுகிலிருந்து கூரை நோக்கிப் போகணும். எதிர்த்துப் பிடித்தால் கூர் பெல்ட்டில் குத்தும், பெல்ட் கிழியும், கத்தி யார் மேல் பாயும் என்று சொல்லமுடியாது. கல்லில் இரண்டு திசையிலும் தீட்டிப் பழகியவர்கள் இங்கே தனியாக ஜாக்கிரதையாக இருக்கணும்.

உண்மையான வில்லன் சூடு. டோர்மெக்கின் 250 மி.மீ. கல் நிமிடத்துக்கு 90 சுற்று, அதாவது நிமிடத்துக்கு எழுபது மீட்டர். நம்மூர் 2800 சுற்று மோட்டாரில் 50 மி.மீ. சக்கரம் போட்டாலே பெல்ட் 440 மீட்டர் ஓடும். ஆறு மடங்கு, அதுவும் தண்ணீர் இல்லாமல். மெல்லிய கூர் ஒரு நொடியில் சுடும். 300 டிகிரி செல்சியஸை ஒட்டி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் உறுதி போச்சு. அப்புறம் தீட்டினால் பளபளவென்று கூராகத்தான் தெரியும். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற அக்கா நாலு வஞ்சிரம் துண்டு போட்டதும் மழுங்கும், அவர் கத்தி அடித்த கொல்லரைத் திட்டுவார். பிழைப்பே அந்தக் கத்தியில் இருக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் கையுறை வேண்டாம், விரலுக்குச் சூடு தெரியணும். பக்கத்தில் வாளித் தண்ணீர், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முக்கு. மழுங்கிய பெல்ட் வெட்டாமல் உரசிச் சுடவைக்கும், அதில் கஞ்சத்தனம் பார்க்காதீங்க. 1440 சுற்று மோட்டார் கிடைத்தால் வேகம் பாதியாகும், எனக்கு அதுதான் பிடித்தம்.

அருவாமனைக்கு இந்த ஜிக் உதவாது. அலகு பலகையோடு சேர்ந்திருக்கிறது, ஜிக்கில் கவ்வ இடமில்லை. கூரோ உள்பக்கம் வளைந்திருக்கும். தட்டைப் பிளேட்டில் வைத்தால் வளைவின் நடுப்பகுதி பெல்ட்டைத் தொடவே தொடாது. பிளேட் இல்லாத இடத்தில், குறுகிய பெல்ட்டின் தொய்வில், கையால்தான் தீட்டணும். அதற்கு மறுபடியும் மணிக்கட்டு வேணும். எங்கள் வீட்டு அருவாமனை சைக்கிள்காரரிடம்தான் போகிறது.