பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த அயல்மொழி?

ஆங்கிலத்துக்கு அடுத்து எந்த அயல்மொழியைப் படிப்பது என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறும். பிரிட்டிஷ் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் ஸ்பானியம், மாண்டரின் சீனம், பிரெஞ்சு, அரபு, ஜெர்மன் ஆகியவை முதல் ஐந்து இடங்களைப் பிடித்தன. அது பிரிட்டனின் வணிகத்தையும் வெளியுறவையும் கணக்கில் வைத்துப் போட்ட பட்டியல். இந்தியாவின் தேசியக் கல்விக் கொள்கை 2020 கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யம் என எட்டு மொழிகளைச் சொல்கிறது. 2019 வரைவில் இருந்த சீனம் இறுதி வடிவத்தில் இல்லை. ஆக, இந்தப் பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளையைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியவை இரண்டு: அந்த மொழியை நம்பிப் படிப்போ வேலையோ எங்கே கிடைக்கும்? அதை ஒழுங்காகச் சொல்லித்தர பக்கத்தில் ஆள் உண்டா?

வேலை என்று பார்த்தால் இன்றைக்கு ஜெர்மன் முன்னே நிற்கிறது. ஜெர்மனியில் முதியோர் பெருகி, வேலை செய்யும் வயதினர் குறைகிறார்கள். மருத்துவமனைகளுக்குச் செவிலியர் போதவில்லை. வெளிநாட்டில் படித்த செவிலியர் அங்கே முழுத் தகுதியோடு பணியாற்ற, பொதுவாக ‘பி2’ நிலை வரை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். பி2 நான்காவது படி. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதும் பெற்றோரை ஈர்க்கிறது. ஆனால் இளநிலைப் படிப்புகள் அங்கே பெரும்பாலும் ஜெர்மன் வழியில்தான் நடக்கின்றன. ஆங்கில வழியில் கிடைப்பவற்றில் முதுநிலைப் படிப்புகளே அதிகம். ‘ஆங்கிலம் போதும்’ என்று விமானம் ஏறுகிறவர்கள், வகுப்பறையில் சமாளித்தாலும் வாடகை வீடு தேடும்போது திண்டாடிப்போகிறார்கள்.

பிரெஞ்சின் கதை வேறு. தமிழ் மண்ணுக்கு அது புதியதல்ல. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பாரிசிலும் மாண்ட்ரியலிலும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஆனாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பலர் பிரெஞ்சை எடுப்பதற்குக் காரணம் பாரிசும் அல்ல, புதுச்சேரியும் அல்ல, மதிப்பெண். 2006-ஆம் ஆண்டின் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. பிளஸ் ஒன்னில் மொழிப்பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். ‘பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும்’ என்ற பேச்சு அங்கேதான் வேலை செய்கிறது. மாணவர் எழுத்திலிருந்து தொடங்குகிறார். வினைச்சொல் வாய்பாடுகளையும் இரண்டு மூன்று கடிதங்களையும் உருப்போட்டு, நூற்றுக்கு நூறை ஒட்டி வாங்கிவிடுகிறார். கல்லூரி சேர்ந்த மறு வருடம், ஒரு பிரெஞ்சுக்காரர் வழி கேட்டால் அந்த மாணவருக்கு வாய் வராது. இது மொழியின் குறை அல்ல. பிரெஞ்சைப் பேசவும் எழுதவும் உண்மையாகவே தெரிந்துகொண்டவருக்குக் கனடாவின் குடியேற்றப் புள்ளிக் கணக்கில் கூடுதல் புள்ளிகள் உண்டு. 2023 முதல் பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென்றே அந்நாடு தனித் தேர்வுச் சுற்றுகளையும் நடத்துகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பிரெஞ்சே ஆட்சிமொழி.

ஜப்பானியம் கடினம் என்று பரவலாக ஒரு பயம் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், வேலைக்குப் போதுமான தேர்ச்சி பெற பிரெஞ்சு, ஸ்பானியத்துக்கு 600 முதல் 750 வகுப்பு மணிநேரமும், ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு ஆகியவற்றுக்கு 2200 மணிநேரமும் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு. ‘வதாஷி வா சென்னை நி ஸுந்தே இமஸ்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். வதாஷி என்றால் நான், நி என்றால் இல், ஸுந்தே என்றால் வசித்து, இமஸ் என்றால் இருக்கிறேன். இடையில் வரும் ‘வா’வை விட்டுவிட்டால், ‘நான் சென்னையில் வசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற அதே அடுக்கு. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, வினையெச்சத்தோடு துணைவினை சேர்கிறது. ஆங்கிலக்காரர் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டியதைத் தமிழ்ப் பிள்ளை வரிசை மாறாமல் சொல்லிவிடலாம். இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ வாதாடினார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கிறவருக்கு லாபம் லாபம்தான். முட்டுக்கட்டை எழுத்தில் இருக்கிறது. ஹிரகானா, கடகானா என்ற இரு அசையெழுத்து வரிசைகளைச் சில வாரங்களில் பழகிவிடலாம். அன்றாடப் புழக்கத்துக்கென அரசு வகுத்துள்ள 2136 காஞ்சி எழுத்துகளுக்குத்தான் வருடக்கணக்காகும்.

ஜப்பானிய மொழித் தேர்வான ஜே.எல்.பி.டி. என்.5-இல் தொடங்கி என்.1-இல் முடிகிறது. 2019-இல் ஜப்பான் அறிமுகப்படுத்திய திறன்பணியாளர் விசாவுக்கு, அடியிலிருந்து இரண்டாம் படியான என்.4 அளவு மொழியறிவு பொதுவாகப் போதும். முதியோர் பராமரிப்பும் கட்டுமானமும் அதில் அடங்கும். ஆனால் இந்தத் தேர்வில் பேச்சுத் தேர்வே இல்லை. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சான்றிதழ் கையில் இருந்தும் நேர்காணலில் தடுமாறுகிறவர்கள் இருப்பதில் வியப்பில்லை.

கொரியத்தின் வாக்கிய அமைப்பும் தமிழோடு ஒத்துப்போவதுதான். எழுத்து இன்னும் எளிது, அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கொரிய ஆலைகளால் மொழிபெயர்ப்பாளருக்கு உள்ளூரிலேயே தேவை உண்டு. தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தே பாதி கற்றுவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஸ்பானியம் 20 நாடுகளின் ஆட்சிமொழி, எழுதியபடி வாசிக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கான வேலையும் வகுப்பும் குறைவு. அரபு படித்தால் வளைகுடாவில் வேலை என்பது பாதி உண்மை. அங்கே அலுவலகங்களில் ஆங்கிலம் ஓடுகிறது. பாடநூல் அரபும் கடைத்தெரு அரபும் செந்தமிழும் பேச்சுத்தமிழும் போல விலகி நிற்கின்றன. சீனத்தின் வணிக மதிப்பு பெரிது. தொனி மாறினால் பொருள் மாறும் மொழியை நல்லாசிரியர் இல்லாமல் பள்ளியில் தொடங்குவது வீண்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எத்தனை ஆண்டு தொடர்கிறது என்பதே கணக்கு. வாரத்துக்கு மூன்று பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், ஆண்டுக்கு 35 வாரம் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 70 மணிநேரம். இரண்டே ஆண்டில் விட்டுவிட்டால் 140. அதை வைத்துக்கொண்டு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. ஆறாம் வகுப்பில் தொடங்கி பிளஸ் டூ வரை போனால் 490 மணிநேரம் சேரும். பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ பி1-ஐ எட்டலாம். இடையில் அறுந்தால் எல்லாம் போச்சு. கேந்திரிய வித்யாலயாக்களில் 2011-இல் ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்த ஜெர்மன், 2014-இல் கல்வியாண்டின் நடுவில் மூன்றாம் மொழி இடத்தை இழந்து, அங்கே சமஸ்கிருதம் வந்தது. பிள்ளைகளும் பெற்றோரும் தவித்துப்போனார்கள். பள்ளியைத் தேர்வு செய்யும் பெற்றோர், ஆசிரியர் நிரந்தரமானவரா, பாடம் எந்த வகுப்பு வரை உண்டு, மேல்வகுப்புக்கு என்ன ஏற்பாடு என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

சான்றிதழ்களுக்கும் ஆயுள் உண்டு. பிரெஞ்சின் டெல்ஃப், ஜப்பானியத்தின் ஜே.எல்.பி.டி. காலாவதி ஆவதில்லை, எட்டாம் வகுப்பிலேயே முதல் படியை எழுதி வைக்கலாம். கொரியத்தின் டோபிக் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதை விண்ணப்பிக்கப் போகும் ஆண்டுக்கு நெருக்கமாக எழுதினால் போதும்.