சிலிண்டரைக் கையில் கொடுக்க முன்னர் அரை மணித்தியாலம்

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் ஊர்ப் பிள்ளையொருவனை வைத்தியசாலையில் பார்க்கப் போனேன். வயது பத்தொன்பது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ஏ.சி. திருத்தும் கடையொன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தவன். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. முகத்தின் ஒரு பக்கம் முழுவதும் கட்டு.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "கழா கத்ர். நம்மளால தடுக்கேலுமா?" அவனது வாப்பாவும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்த பிறகு நான் பையனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"மகன், லீக் பார்க்க என்ன கேஸ் ஏத்தின நீங்க?"

"நைட்ரஜன் முடிஞ்சி மாமா. பக்கத்து வெல்டிங் கடையில ஒக்சிஜன் சிலிண்டர் ஒண்டு எடுத்தம். ரெண்டும் காத்துதானே."

நான் கட்டாரில் பதினொரு வருடங்கள் பராமரிப்புக் கம்பனியொன்றில் வேலை செய்தவன். "ரெண்டும் காத்துதானே" என்று அவன் சொன்னதும் என்ன நடந்திருக்கும் என்று விளங்கிவிட்டது. ஏ.சி. இயந்திரத்தின் கொம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கும். குழாயில் கசிவு உண்டா என்று பார்க்க நைதரசனைத்தான் ஏற்ற வேண்டும். அது எதனோடும் இலகுவில் தாக்கமடையாத வாயு. ஒட்சிசன் அப்படியல்ல. உயர் அமுக்கத்தில் அது எண்ணெயோடு சேர்ந்தால் நெருப்புக்குச்சி கூடத் தேவையில்லை, அந்த இடத்திலேயே பற்றி வெடிக்கும்.

மறுநாள் கடை முதலாளியும் பழங்களோடு வந்தார். மருந்துச் செலவு முழுவதையும் அவரே ஏற்றிருந்தார். என்னைத் தனியே அழைத்து, "நானா, இது எனக்கே தெரியாது. எனக்கு வேலை பழக்கின பாஸும் சொல்லித் தரல்ல" என்றார். அவரை நான் நம்புகிறேன். அவரைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. அவரைப் போன்ற எத்தனையோ முதலாளிமார் நம் ஊர்களில் இருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

காரின் டயருக்குள் இருக்கும் காற்றின் அமுக்கம் சுமார் 30 பி.எஸ்.ஐ. நிரப்பிய ஒட்சிசன் சிலிண்டரில் 150 பார், அதாவது 2,000 பி.எஸ்.ஐ.க்கும் மேல். டயரைப் போல ஏறத்தாழ எழுபது மடங்கு. அந்த அமுக்கத்தை அடைத்து வைத்திருப்பது மேலேயுள்ள பித்தளை வால்வு ஒன்றுதான். சிலிண்டர் விழுந்து வால்வு உடைந்தால் வாயு ஒரு பக்கத்தால் பீறிட, கனமான அந்த இரும்பு மறுபக்கம் ரொக்கெட் போலப் பாயும். கல் சுவரையும் அது உடைக்கும்.

வால்வுக்கு மேல் இரும்புத் தொப்பி ஒன்று இருப்பது இதனால்தான். நம் ஊரில் அந்தத் தொப்பி கடை மூலையில் கிடக்கும். சிலிண்டரோ த்ரீவீலரின் பின் சீட்டில் படுத்துப் போகும்.

கட்டாரில் எனக்குச் சொல்லித் தந்தவை

அங்கு போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அரை நாள் பயிற்சி. அதன் பிறகு செய்து காட்ட வேண்டும். அட்டை கிடைக்கும் வரை சிலிண்டரைத் தொட முடியாது. பயிற்சி தந்தவர் ஒரு கேரளக்காரர். "செய்யாதே" என்பதோடு நிறுத்தமாட்டார், ஏன் செய்யக்கூடாது என்று எங்களையே சொல்ல வைப்பார். அவர் கற்றுத் தந்தவற்றில் முக்கியமானவை இவை:

முதலாவது, பெயரை வாசிப்பது. சிலிண்டரின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. நிறம் நாட்டுக்கு நாடு மாறும், பழையதும் புதியதும் மாறும். லேபல் இல்லாத சிலிண்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அசிட்டிலின் போன்ற எரியும் வாயுக்களுக்கு இடது பக்க த்ரெட் இருப்பதால் மாறிப் பூட்ட முடியாது. ஆனால் பிரித்தானிய முறைச் சிலிண்டர்களில் ஒட்சிசனுக்கும் நைதரசனுக்கும் ஒரே த்ரெட்தான். ஒன்றின் ரெகுலேட்டர் மற்றதில் அழகாகப் பொருந்தும். அங்கே காப்பாற்றக் கூடியது லேபலை வாசிக்கும் கண் மட்டும்தான்.

இரண்டாவது, எண்ணெய். ஒட்சிசன் வால்வு இறுகிவிட்டால் தேங்காய் எண்ணெயோ கிரீஸோ பூசுவதை நான் ஊரில் கண்ணால் கண்டிருக்கிறேன். அது தற்கொலைக்குச் சமம். எண்ணெய்க் கையாலும் எண்ணெய்ச் சாவியாலும் கூட அதைத் தொடக்கூடாது. உடுப்பிலுள்ள தூசியை ஒட்சிசன் அடித்துத் தட்டுவதும் அப்படித்தான். துணிக்குள் ஒட்சிசன் தங்கிவிட்டால் ஒரு சிறு பொறிக்கே ஆள் எரிவார்.

மூன்றாவது, அசிட்டிலினைப் படுக்க வைக்கக்கூடாது. அந்தச் சிலிண்டருக்குள் அசிற்றோன் என்ற திரவத்தில்தான் வாயு கரைந்திருக்கிறது. படுக்க வைத்துப் பாவித்தால் அந்தத் திரவமும் சேர்ந்து வெளியே வரும். படுத்து வந்த சிலிண்டரை நிமிர்த்தி, நன்றாக நேரம் கொடுத்த பிறகே திறக்க வேண்டும். 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் அமுக்கத்தை ஏற்றக்கூடாது, வாயு தானாகவே வெடிக்கும். அதற்குச் செப்புக் குழாய் பொருத்துவதும் ஆபத்து.

நான்காவது, திறக்கும் விதம். ரெகுலேட்டருக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு திறக்கக்கூடாது. பக்கத்தில் நின்று மெதுவாகத் திறக்க வேண்டும். தீ குழாய்க்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் சிறிய கருவி, இரண்டு குழாய்களிலும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, வைக்கும் இடம். நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வைக்க வேண்டும். ஒட்சிசனையும் எரியும் வாயுவையும் களஞ்சியத்தில் 20 அடி தள்ளி வைக்க வேண்டும், அல்லது நடுவே தீப்பிடிக்காத சுவர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. வெறும் சிலிண்டரையும் நிரம்பியது போலவே நடத்த வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிக் கொடுக்க அரை மணித்தியாலம் போதும்.

சமையலறையும் வேலைத்தளம்தான்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுவதும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நடந்ததும், ஜனாதிபதி அதற்கென ஒரு குழுவை நியமித்ததும் நினைவிருக்கும். அந்த நாட்களில் எல்லோரும் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்தோம். பிறகு மறந்துவிட்டோம்.

நமது ஹோட்டல்களிலும் வலீமா சமையல்களிலும் ஒரே நேரத்தில் நான்கைந்து சிலிண்டர்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. எல்.பி. கேஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து கானுக்குள்ளும் மூலைகளிலும் தேங்கி நிற்கும். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். நெருப்புக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கும் வழக்கம் இன்னும் சில சமையல்காரர்களிடம் இருக்கிறது. இன்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

கத்ரும் கடமையும்

கத்ரை நம்புவது நமது ஈமானின் ஒரு பகுதி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி சொன்னவர்களும் நமது நபி (ஸல்) அவர்கள்தான். இரவில் உறங்கும்போது நெருப்பை அணைத்து வைக்கும்படியும் அவர்கள் ஏவினார்கள். விபத்துக்குப் பின்னர் கத்ரைப் பேசும் நாம், விபத்துக்கு முன்னர் கயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை. வேலைக்கு வரும் பிள்ளை முதலாளியின் கையில் ஓர் அமானிதம். சம்பளத்தைச் சரியாகக் கொடுத்தால் மட்டும் அந்த அமானிதம் நிறைவேறிவிடாது.

நாட்டின் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்புக்காகவே வந்தது. தொழில் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு பெற 1934 முதல் சட்டம் இருக்கிறது. அந்தப் பையனின் வாப்பாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கும் இரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. ஊர்தான் இதைச் செய்ய வேண்டும்.

எனது வேண்டுகோள் பெரியதல்ல. பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வெல்டிங், ஏ.சி., ஹோட்டல் முதலாளிமாரையும் அவர்களது பையன்களையும் அழைக்கட்டும். வெளிநாட்டில் இந்தப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு சிலிண்டரை முன்னால் வைத்துச் சொல்லிக் காட்டட்டும். சிலிண்டர் விற்பவர்கள் தொப்பி இல்லாமல் கொடுக்க மறுக்கட்டும். பிள்ளையை வேலைக்குச் சேர்க்கும் பெற்றோர் சம்பளத்தைக் கேட்பதோடு, "என்ன பழக்கிவிட்டு வேலை கொடுப்பீர்கள்?" என்றும் கேட்கட்டும்.

அந்தப் பையன் இப்போது இடது கையால் எழுதப் பழகுகிறான். அவனது முதலாளி போன வாரம் என்னைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணித்தியாலம் பேசினேன். உங்கள் ஊரில் கூப்பிட்டாலும் இன்ஷா அல்லாஹ் வருவேன்.