யப்பானியர் பந்தியும் யாழ்ப்பாணத்துக் கூழும்

உணவுச்சாலைக்குச் செல்வோர் உண்ணும் முறை இரு வகைப்படும். உணவுகளின் பெயரும் விலையும் எழுதிய பட்டியலைப் பார்த்து, வேண்டியதைக் கேட்டு வாங்கி உண்பது ஒரு முறை. "இன்று எது நல்லதோ அதைத் தாருங்கள்" என்று தெரிவைச் சமைப்பவரிடமே ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருப்பது மற்றொரு முறை. முன்னையது நகர வாழ்வோடு வளர்ந்தது. பின்னையதோ வீட்டு அடுப்பைப் போலப் பழையது. தாய் ஆக்கியதைப் பிள்ளைகள் உண்பதும், வந்த விருந்தினர் வைத்ததை உண்பதும் இம்முறையைச் சார்ந்தனவே. யப்பானியர் இப்பழைய முறையை உணவுச்சாலைக்குள்ளும் கொணர்ந்து, அதற்கு 'ஒமக்காசே' என்று பெயரிட்டு வழங்குகின்றனர். 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்பது அச்சொல்லின் பொருள்.

அத்தகைய உணவுச்சாலை ஒன்றின் அமைப்பு மிக எளியது. நீண்ட பலகையொன்றின் ஒருபுறத்தில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ அமர்ந்திருப்பர். மறுபுறத்தில் சமைப்பவர் நிற்பார். காடி கலந்த சோற்றை ஒரு வாய்க்கு வேண்டிய அளவாகக் கையாற் பிடித்து, அதன்மேல் மீன் துண்டொன்றை வைத்து அழுத்தி, ஒவ்வொருவர் முன்னும் அவர் வைப்பார். இதுவே சூஷி எனப்படுவது. வைத்தவுடன் உண்ணுதல் வேண்டும். சோறு கைச்சூட்டோடு இருக்கும் பொழுதே அதன் சுவை நிறைந்திருக்கும். மென்சுவை உடைய வெண்ணிற மீன் முதலிலும், நெய்ப்பு மிகுந்த மீன் பின்னரும், முட்டையோ கடற்பாசித் தாளிற் சுருட்டிய சோறோ இறுதியிலும் வருவது பெருவழக்கு. எது வரும் என்பதை உண்பவர் முன்கூட்டி அறியார். அன்று காலை சந்தையில் என்ன கிடைத்ததென்பதை அறிந்தவர் சமைப்பவர் ஒருவரே.

இவ்வகைப் பந்தி செல்வர்க்கு மாத்திரமே உரியதென்னும் எண்ணம் எங்கும் பரவியுள்ளது. தோக்கியோவின் புகழ் பெற்ற கடைகள் சிலவற்றில் ஒரு வேளை உணவுக்குப் பெருந்தொகை வாங்குவது உண்மையே. எனினும், கையாற் பிடித்த சூஷி பிறந்த இடம் செல்வர் மாளிகை அன்று. தோக்கியோ நகரம் எடோ என்று வழங்கிய 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தெருவோரக் கடைகளில் உழைப்பாளர் நின்றபடியே வாங்கி உண்ட சிற்றுணவு அது. ஹனயா யோஹெய் என்பவரே அதனைப் பரப்பியவர் என்பது மரபு. அதன்பின் நெடுங்காலம் கழித்து, 1958 இல் ஒசாக்காவை அடுத்த பகுதியில் சிராய்சி யொசியாக்கி என்பார், மதுபான ஆலையிற் போத்தல்கள் நகரும் பட்டையைக் கண்டு, சூஷித் தட்டுக்களையும் அவ்வாறே உண்பவர் முன் சுழலவிட்டார். அதனால் அவ்வுணவு மீண்டும் எளியவர் கைக்கு எட்டியது. இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில், ஒமக்காசே முறையிலேயே குறைந்த விலைக்குச் சூஷி வழங்கும் சிறு கடைகளும் உள்ளன.

தெரிவைச் சமைப்பவரிடம் விட்டால் விலை குறைவது எவ்வாறு? இதன் கணக்கு எளிதில் விளங்கக்கூடியதே. நாற்பது வகை உணவென்று பட்டியலில் எழுதிய கடைக்காரர், நாற்பது வகைக்கும் வேண்டிய பொருளை வாங்கி வைத்தல் வேண்டும். யார் எதைக் கேட்பர் என்பது அவருக்குத் தெரியாது. கேட்பாரற்றுக் கிடந்து பழுதாவது குப்பைக்குப் போகும். போனதன் விலையும் விற்றதன் விலைமேல் ஏறும். தெரிவு சமைப்பவர் கையில் இருந்தாலோ, அன்று மலிந்ததை அவர் வாங்குவார். வாங்கியது முழுவதையும் பரிமாறுவார். விலையுயர்ந்த சூரை மீனின் வயிற்றுத் தசை அகப்படாத நாளில், சாளையும் கணவாயும் அவ்விடத்தை நிரப்பும். உண்பவர் இழப்பது தெரிவு ஒன்றையே. அதற்கு ஈடாக அவருக்குப் புதுமை மாறாத மீனும் குறைந்த விலையும் கிடைக்கின்றன.

யாழ்ப்பாணத்துக் கரையோர மக்களுக்கு இக்கணக்கைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. ஒடியற்கூழ் காய்ச்சும் வீடு ஒவ்வொன்றிலும் அது நெடுங்காலமாக நடந்து வருகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கு வெகு தொலைவில் இல்லை. வடக்கே ஆழங் குறைந்த பாக்கு நீரிணை, தெற்கே பரவைக்கடல், மேற்கே ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலான தீவுகள். ஒவ்வொரு நீரிலும் வாழும் மீன் வேறு. பிடிக்கும் முறையும் வேறு. பரவைக்கடலிற் களங்கட்டி வலைகளில் ஒட்டி, ஓரா, மணலை, இறால், நண்டு ஆகியன அகப்படும். வெளிக்கடலுக்குச் செல்லும் வள்ளங்கள் பாரை, அறக்குளா, சுறா, திருக்கை ஆகியவற்றைக் கொணரும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடமராட்சிக் கடல் கொந்தளிக்கும். சோளகம் எழும் மாதங்களில் தீவுப் பக்கம் அலைமோதும். ஆகவே, நாளைக்கு எந்த மீன் கரைசேரும் என்பதை அனுபவம் மிக்க சம்மாட்டியாராலும் உறுதியாகச் சொல்லுதல் இயலாது.

விடிந்ததும் கரையில் ஏலம் நடைபெறும். குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கரைகளிலும், நகரத்துச் சின்னக்கடைச் சந்தையிலும் பெரிய மீன்கள் தனித்தனியே விலை பேசப்படும். சிறியவையோ கலந்து குவிக்கப்பட்டுக் கூறு கூறாக விற்கப்படும். ஒரு கூற்றில் நாலைந்து சிறு நண்டு, ஒரு பிடி இறால், இரண்டு கணவாய், முள் மிகுந்த சில்லறை மீன்கள் எனப் பலவும் இருக்கும். தனியே குழம்பு வைக்க எதுவும் போதாது. பொரிக்க எடுத்தாலும் ஆளுக்கொன்று வராது. ஆனால், கூழுக்கு அக்கூறு போன்று பொருத்தமானது வேறில்லை. பல வகை மீன் கலந்தாலன்றிக் கூழுக்குச் சுவை பிறவாது என்பது காய்ச்சுவோர் துணிபு. இன்ன மீன்தான் வேண்டுமென்று கூழுக்கு ஆள் அனுப்புவாரும் இல்லை. கரையில் மலிந்தது எதுவோ அதுவே அன்றைய கூழ்.

மீனைக் கடல் தர, மாவைப் பனை தருகின்றது. ஆவணி, புரட்டாதி மாதங்களில் விழும் பனம்பழத்தின் விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடுவர். மாரி மழையில் அவை முளைத்துக் கிழங்கு வைக்கும். மழை கழிந்தபின் கிழங்கைக் கிண்டி, தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, வெயிலிற் காயவிட்டால் ஒடியல் ஆகும். அவித்தபின் காயவைப்பது புழுக்கொடியல். அது கடித்துத் தின்பதற்கு உரியது. கூழுக்கு வேண்டியது அவியாத ஒடியலை இடித்தெடுத்த மாவே. அம்மாவில் இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. அதனால் மாவை நீரில் ஊறவைத்து, தெளிந்து மேலே நிற்கும் நீரை இரண்டு மூன்று முறை வடித்து அகற்றுவர். இந்த வேலையில் அவசரப்பட்டவரின் கூழ் முதல் மிடறிலேயே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பின்பு பெரிய பானையில் நீர் கொதிக்கவைத்து, ஒரு பிடி அரிசியும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் மரவள்ளிக் கிழங்கும் இடுவர். அவை வேகத் தொடங்கிய பின்னர் நண்டும் மீன் தலைகளும், அவற்றின் பின்னர் மீன் துண்டுகளும் கணவாயும் இறாலும் சேரும். வேகுவதற்கு நெடுநேரம் வேண்டுவது முதலிலும், சிறிது நேரமே போதுமானது இறுதியிலும் செல்லவேண்டும் என்பதே விதி. முருங்கை இலையோ வேறு கீரையோ வீட்டிற்கு ஏற்றவாறு சேரும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளிக் கரைசலும் உப்பும் கலந்த ஒடியல் மாவைக் கடைசியில் ஊற்றி, அடிப்பிடியாதவாறு துழாவுவர். நீர்த்திருந்த பானை சிறிது நேரத்திற் களிப்பதத்தை அணுகித் தடிக்கும். அந்நேரம் முற்றத்தில் எழும் மணம் அயல் வீட்டாரையும் அழைத்துவரும்.

பரிமாறும் முறையிலும் தெரிவு என்பது கிடையாது. பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தியோ, பனையோலையிற் பிளாச் செய்தோ, வட்டமாக அமர்ந்திருப்போர் கையிற் கொடுப்பர். அகப்பையில் வருவது அவரவர் பங்கு. ஒருவர் இலையில் நண்டுக்கால் விழும். மற்றவர் இலையில் பலாக்கொட்டை மாத்திரமே விழும். அடுத்த முறை அது மாறும். பானையின் முன் அமர்ந்திருக்கும் ஆச்சி, யாருக்கு நண்டு போயிற்று, யாருக்குப் போகவில்லை என்பதை நினைவில் வைத்திருப்பார். யப்பானியப் பலகையின் பின் நிற்கும் சமையல் வல்லுநரும், தம்முன் இருப்போர் ஒவ்வொருவரும் எதை விரும்பி உண்டனர், எதைத் தயங்கி உண்டனர் என்று நோக்கியே அடுத்ததைத் தெரிகின்றார். பானையும் பலகையும் வேறாயினும், இருவருடைய கவனமும் ஒருதன்மையதே.

ஒற்றுமையைக் கண்டபின் வேற்றுமையையும் காணுதல் வேண்டும். சூஷியில் மீன் பெரும்பாலும் சமைக்கப்படுவதில்லை. அதனால் அங்கே கரையிலிருந்து பலகை வரையும் குளிர் அறாது காக்கின்றனர். பச்சையாக உண்ணும் மீனிலுள்ள ஒட்டுண்ணிப் புழுக்களை அழிப்பதற்கு, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியசுக் குளிரில் 7 நாள் உறையவைக்கும்படி உணவுப் பாதுகாப்பு நெறிகள் கூறுகின்றன. அவ்வாறு உறையவைத்தாலும் கிருமிகள் யாவும் அழிவதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில், பனிக்கட்டி இல்லாத மீன் சில மணி நேரத்திற் பழுதாகிவிடும். சந்தையில் வாங்கிய மீனைப் பச்சையாக உண்டு பார்க்க முயல்வது நோயை விலைக்கு வாங்குவதாகவே முடியும். கொதிக்கும் பானையும் புளியும் இந்நாட்டு வெப்பத்துக்கு ஏற்ற வழிகள். ஆயினும், நெருப்பு எல்லாக் குற்றங்களையும் நீக்குமென்று எண்ணிவிடலாகாது. வெயிலிற் கிடந்து கெட்ட சூரை, கும்பளா போன்ற மீன்களில் உண்டாகும் ஒருவகை நச்சுப் பொருள் கொதித்தாலும் அழியாது. கண் தெளிந்து, செவுள் சிவந்து, தசை இறுகி இருத்தலைப் பார்த்து வாங்கும் பழக்கத்தைக் கூழுக்கென்று தளர்த்தல் தகாது.

இவ்வளவும் நிலைத்திருப்பது நம்பிக்கை ஒன்றிலே. உண்பவர் சமைப்பவரை நம்புகின்றார். சமைப்பவர் மீன் விற்பவரை நம்புகின்றார். விற்பவர் கடலை நம்புகின்றார். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணிகளே இன்று இடர்ப்படுகின்றன.

முதலாவது, நண்டு. பரவைக்கடலிலும் பாக்கு நீரிணையிலும் பிடிபடும் நீலக்கால் நண்டு பதனிடப்பட்டு ஏற்றுமதியாகின்றது. இலங்கையின் பெரிய சேற்று நண்டுகள் சிங்கப்பூர்ச் சமையலிற் பெயர் பெற்றவை. கொழும்பிலும், யப்பானியத் தாய்க்கும் இலங்கைத் தந்தைக்கும் பிறந்த தர்சன் முனிதாச, 1995 இல் யப்பானிய உணவுச்சாலை ஒன்றை நிறுவியபின், 2011 இல் துடுப்பாட்ட வீரர்கள் குமார் சங்கக்கார, மகேல ஜயவர்தன ஆகியோருடன் சேர்ந்து நண்டுக்கென்றே ஓர் உணவுச்சாலையைத் திறந்தார். இவற்றால் தொழிலாளர்க்கு வருவாய் உண்டு. நண்டுத் தசை பிரிக்கும் ஆலைகளிற் பெண்கள் பலர் வேலை பெற்றுள்ளனர். ஆனால், ஏற்றுமதி விலை உயருந்தோறும் கூற்றில் விழும் நண்டு குறைகின்றது. சினையுள்ள பெண் நண்டையும் வளராத குஞ்சு நண்டையும் கடலுக்கே மீளவிடும் வழக்கம் வேரூன்றினாலன்றி, ஆலைக்கும் பானைக்கும் நண்டு போதாது.

இரண்டாவது, கடலின் அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவை மடி. சிறு மீனையும் குஞ்சையும் கடற்றாவரங்களையும் வேறுபாடின்றி அள்ளும் இம்முறையை இலங்கை 2017 இற் சட்டத்தினால் தடைசெய்தது. எனினும், பாக்கு நீரிணையில் தமிழகத்து இழுவைப் படகுகளின் வரவு நிற்கவில்லை; வடபகுதித் தொழிலாளர் தங்கள் வலைகள் அறுபடுவதை முறையிட்டு வருகின்றனர். கடலின் இருகரையிலும் வாழ்வோர் தமிழ் பேசும் மக்களே என்பதனால் இவ்வழக்கின் துயரம் பெரிதாகின்றது.

மூன்றாவது, பனை. 2009 இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரிற் பெருந்தொகையான பனைகள் அழிந்தன. 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் ஊர்மக்களும் விதை நடுவதில் முனைந்துள்ளனர். ஆயினும், பனை பயன் தரத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். இன்று நட்டவரின் விதையில் விளையும் ஒடியலை உண்போர் அடுத்த தலைமுறையினரே.

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் யாழ்ப்பாணத்தவர், கூழுக்கென்று பல வகை மீன் கலந்து உறையவைத்த பொதிகளையும், ஊரிலிருந்து வரும் ஒடியல் மாவையும் கடைகளில் வாங்கிக் காய்ச்சுகின்றனர். யாழ்ப்பாண நகரத்து உணவகங்கள் சிலவற்றிலும் கூழ் கோப்பைகளில் விற்கப்படுகின்றது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால், ஆண்டு முழுவதும் ஒரே மீன் கலந்த கூழ் கிடைக்குமாயின், அது அன்றைய கரையைச் சொல்லும் கூழாகாது. உணவகத்துக்குச் செல்வோர் தெரிவைச் சமைப்பவரிடம் விட்டுவிடலாம், ஒரு கேள்வியை மாத்திரம் கேட்டல் நன்று: "இன்றைக்கு மீன் எந்தக் கரையிலிருந்து வந்தது?" அக்கேள்விக்கு உடனே மறுமொழி சொல்லக்கூடியவர் கையிலுள்ள அகப்பையை நம்பி இலையை நீட்டலாம்.